பழைய மின் கிளைடருக்குப் பிரஷ்லெஸ் மோட்டார்: தராசில் தொடங்கி முதல் பறப்பு வரை

மாடல் விமானம் பறக்கவிடுபவர்கள் பலர் வீட்டுப் பரணில் பழைய மின் கிளைடர் ஒன்று கிடக்கும். இறக்கையில் குறை இருக்காது, வாலிலும் இருக்காது. மேலே ஏறத்தான் தெம்பு இருக்காது. முழு த்ராட்டில் கொடுத்தால் ஒரு நிமிடம் முனகிக்கொண்டே ஏறி நூறு, நூற்றிருபது மீட்டரைத் தொடும். அப்படி நாலைந்து முறை ஏறினால் பேட்டரி காலி. ஆனால் மிதந்து இறங்குவது என்னவோ அழகாகத்தான் இருக்கும். அதனாலேயே தூக்கிப் போடவும் மனசு வராது.

பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும்தான் இதற்கு மருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். கடையில் நல்ல பவர் உள்ள மோட்டாராகப் பார்த்து வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பழைய மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து மூக்குப் பக்கம் அறுநூறு கிராமுக்கு மேல் கனத்துக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு அதில் பாதி எடையை வைத்தால் விமானம் வால் கனத்துப் போய்விடும். அதனால் எடைக் கணக்கை முதலில் போட வேண்டும்; மோட்டாரை அந்தக் கணக்கு சொல்லும்.

எந்த மாடலை வைத்துப் பேசுகிறோம்

உதாரணத்துக்கு 2 மீட்டர் இறக்கை உள்ள பால்சா மரக் கிளைடரை எடுத்துக்கொள்கிறேன். கார்ல் கோல்ட்பெர்க் எலெக்ட்ரா, கிரேட் பிளேன்ஸ் ஸ்பெக்ட்ரா எல்லாம் இந்த வகை. மூக்கில் ஸ்பீட் 600 ரக டப்பா மோட்டார், அதற்குப் பின்னால் 7 செல் நிக்கல் பேட்டரி, முன்னால் 8 அங்குல மடக்கு புரொப்பெல்லர். மொத்த எடை 1400 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த அமைப்பு ஓடும்போது பேட்டரி 7 வோல்ட் சொச்சம் கொடுக்கும், மோட்டார் 22 ஆம்பியர் இழுக்கும். அதாவது 155 வாட் உள்ளே போகிறது. கார்பன் பிரஷ் உரசல், தீப்பொறி, சுருளில் சூடு என்று போக, அச்சுக்கு வந்து சேர்வது சுமார் 60 சதவீதம், 95 வாட். அதிலும் சின்ன புரொப்பெல்லர் பாதியைக் காற்றைக் கலக்கியே வீணாக்கிவிடும். மிஞ்சியதை வைத்து 1400 கிராமைத் தூக்கினால் விநாடிக்கு இரண்டு, இரண்டரை மீட்டர்தான் ஏறும்.

அந்தக் காலத்தில் இதுவே பெரிய விஷயம். 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவில் ஆள் ஏறிப் பறந்த மின் விமானமான எம்பி-இ1 பின்னணியில் இருந்த ஃப்ரெட் மிலிட்கி, அதற்கு முன்பே கிராப்னர் நிறுவனத்துக்கு மின் மாடல்களை வடிவமைத்தவர். அவர் கையிலும் இருந்தது பிரஷ் மோட்டாரும் நிக்கல் காட்மியம் பேட்டரியும்தான். அதை நினைத்தால் நம் பழைய மோட்டார் மேல் கொஞ்சம் மரியாதை வரும். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: கழற்றி எடை போடுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் பழைய பேட்டரி உள்ளே இருக்கும்போதே ஈர்ப்பு மையம், அதாவது சிஜி, எங்கே இருக்கிறது என்று பார்த்து இறக்கையின் அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். இந்த வகைக் கிளைடர்களில் இறக்கை அகலத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவில், முன் விளிம்பிலிருந்து 8 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும். விமானம் நன்றாக மிதந்துகொண்டிருந்தது என்றால் அந்தக் கோடுதான் இனி நமக்கு வேதவாக்கு.

அப்புறம் சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு மோட்டார், பேட்டரி, ஸ்பீட் கன்ட்ரோலர், புரொப்பெல்லர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போடுங்கள். ஒவ்வொன்றின் நடுப்புள்ளியும் சிஜி கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் முன்னால் இருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் மோட்டார் 215 கிராம், கோட்டுக்கு 33 சென்டிமீட்டர் முன்னால். பேட்டரி 400 கிராம், 12 சென்டிமீட்டர் முன்னால்.

எடையைத் தூரத்தால் பெருக்கினால் அந்தப் பொருள் மூக்கை எவ்வளவு கீழே அழுத்துகிறது என்பது தெரியும். பேட்டரிக்கு 400 × 12 = 4800. மோட்டாருக்கு 215 × 33 = 7095. புதிதாக வைப்பவை இரண்டும் சேர்ந்து இதே 11,895-ஐத் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு மூக்கில் ஈயம் வைக்க வேண்டியிருக்கும்.

படி 2: இரண்டு வழி, ஒரே கணக்கு

முதல் வழி, முடிந்தவரை லேசாகப் போவது. 100 கிராம் அவுட்ரன்னர் (வெளி உடல் சுழலும்) மோட்டார், 185 கிராம் எடையுள்ள 3எஸ் 2200 லிப்போ, அதாவது வரிசையாக இணைத்த மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர் மணி. லிப்போவை மோட்டாருக்கு நேர் பின்னால் தள்ளினால் அதன் நடு, கோட்டுக்கு 24.5 சென்டிமீட்டர் முன்னால் வரும். 100 × 33 + 185 × 24.5 = சுமார் 7830. குறைவது 4065. அதை மூக்கில், மோட்டார் இருக்கும் இடத்தில் ஈடுகட்ட 123 கிராம் ஈயம் வேண்டும்.

இரண்டாவது வழி, கொஞ்சம் கனமாகவே வாங்குவது. 155 கிராம் மோட்டார், 260 கிராம் எடையுள்ள 3எஸ் 3000 லிப்போ. இது நீளமான பேட்டரி என்பதால் நடுப்புள்ளி 23 சென்டிமீட்டரில் நிற்கும். 155 × 33 + 260 × 23 = 11,095. குறைவது 800 மட்டுமே. 24 கிராம் ஈயம் போதும். புரொப்பெல்லர் நடுவில் மாட்டும் கூம்பான ஸ்பின்னரைப் பிளாஸ்டிக்குக்குப் பதில் அலுமினியத்தில் போட்டால் அதிலேயே பெரும்பகுதி சரியாகிவிடும்.

இப்போது மொத்த எடையைப் பாருங்கள். முதல் வழியில் ஈயமும் சேர்த்து மிச்சம் 207 கிராம். இரண்டாவதில் 176 கிராம். வித்தியாசம் வெறும் 31 கிராம்! அந்த 31 கிராமுக்குப் பெரிய மோட்டாரும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் பேட்டரியும் கிடைக்கிறது. லேசான மோட்டார் என்று தேடித் தேடி வாங்கிவிட்டு மூக்கில் ஈயக் குண்டு ஒட்டுகிற கூத்தை மைதானத்தில் அடிக்கடி பார்க்கலாம். ஈயம் பறக்க உதவாது, பேட்டரி உதவும்.

உங்கள் மாடலின் எண்கள் வேறாக இருக்கும், வழி இதேதான். மூக்கு நீளமான மாடலில் லேசான மோட்டாரும் சரிப்படலாம். ரிசீவர், செர்வோ போன்றவை சிஜிக்குப் பக்கத்தில் இருப்பதால் அவற்றை மாற்றினால் மொத்த எடை குறையுமே தவிர சமநிலை அவ்வளவாக அசையாது. வாலில் ஒரு கிராம் குறைத்தால் மட்டும் மூக்கில் இரண்டு, மூன்று கிராம் மிச்சம். வால் பகுதியில் பழைய பழுதுபார்ப்பில் அப்பிய எபாக்ஸி இருந்தால் சுரண்டி எடுப்பது நல்ல முதலீடு.

படி 3: மோட்டார்

பிரஷ்லெஸ்ஸில் இரண்டு ரகம். இன்ரன்னரில் காந்தம் உள்ளே சுழலும், வெளி உடல் அசையாது. அவுட்ரன்னரில் காந்தம் பதித்த வெளி மணியே சுழலும். ஒல்லியான ஃபைபர் மூக்கு உள்ள போட்டிக் கிளைடர்களில் கியர் வைத்த இன்ரன்னர் பொருந்தும். நம் பால்சா மாடலின் அகலமான மூக்குக்கு அவுட்ரன்னர்தான் தோது: கியர் இல்லாமலே பெரிய புரொப்பெல்லரைச் சுற்றும், விலையும் குறைவு.

எவ்வளவு பவர் வேண்டும்? கிலோவுக்கு 150 வாட் உள்ளீடு இருந்தால் நன்றாக ஏறும். 200 முதல் 250 இருந்தால் செங்குத்துக்குக் கொஞ்சம் குறைவாக, உற்சாகமாக ஏறும். அதற்கு மேல் பழைய பால்சா இறக்கைக்குத் தேவையே இல்லை. நம் மாடல் இனி 1225 கிராம். 285 வாட் வைத்தால் கிலோவுக்கு 230 பக்கம் வரும்.

மோட்டார் பெட்டியில் இருக்கும் 3548, 2826 போன்ற எண்களில் முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு நீளம், மில்லிமீட்டரில். சில தயாரிப்பாளர்கள் வெளி அளவைச் சொல்கிறார்கள், சிலர் உள்ளே இருக்கும் இரும்பு அடுக்கின் அளவைச் சொல்கிறார்கள். எண்ணை நம்பாமல் அளவு வரைபடத்தைப் பாருங்கள்.

கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. அது பவரைக் குறிப்பதல்ல. கேவி கூடினால் வேகமாகச் சுற்றும், அதற்குச் சின்ன புரொப்பெல்லர்தான் போட முடியும். கிளைடர் மெதுவாகப் பறக்கும் விமானம். அதற்குப் பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றுவதே லாபம். 3எஸ் லிப்போவில் 12 அங்குல புரொப்பெல்லர் என்றால் 800 முதல் 900 கேவி. நாம் 850 எடுத்துக்கொள்வோம்.

அவசரத்தில் 1400 கேவி மோட்டார் வாங்கி அதே 12 அங்குலத்தைப் போட்டால் என்ன ஆகும்? புரொப்பெல்லர் கேட்கும் பவர் சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏறும். 1400-க்கும் 850-க்கும் உள்ள விகிதம் 1.65, மும்மடி போட்டால் நாலரை. மோட்டார் அந்த வேகத்தை எட்டாது, எட்டப் பார்த்து வெந்துபோகும். கூடவே ஸ்பீட் கன்ட்ரோலரும்.

படி 4: மடக்கு புரொப்பெல்லர்

மோட்டார் நின்றதும் காற்றில் மடங்கி உடலோடு படிய வேண்டும். நம் மோட்டாருக்கு 12×6 அங்குலம்: 12 விட்டம், 6 பிட்ச், அதாவது ஒரு சுற்றில் திருகி முன்னேறும் தூரம். ஏரோநாட் கேம் கார்பன் போன்ற நல்ல பிளேடுகளுக்கும் மலிவான நைலான் பிளேடுகளுக்கும் ஏறும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும். செலவைக் குறைக்க வேறு இடம் பாருங்கள், இங்கே வேண்டாம்.

850 கேவி, ஓட்டத்தில் 10.8 வோல்ட், சுமையில் இருபது சதவீதம் இறங்கினால் நிமிடத்துக்கு 7300 சுற்று பக்கம். 6 அங்குலப் பிட்ச் என்றால் புரொப்பெல்லர் காற்றில் திருகி முன்னேறும் வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர். கிளைடர் ஏறும் வேகம் மணிக்கு 35 முதல் 45. இந்த இடைவெளி போதும்.

விட்டத்தில் கை வைக்கும்போது கவனம் வேண்டும். ஒரே சுற்று வேகத்தில் பவர் விட்டத்தின் நான்மடிக்கு ஏறும். 10-லிருந்து 11 அங்குலம் போனாலே 46 சதவீதம் கூடுதல். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும்; ஆம்பியர் மீட்டர் வேறு கதை சொல்லும்.

புரொப்பெல்லரை அச்சில் இறுக்கிப் பிடிக்கும் கோலெட் அடாப்டரின் துளை அச்சின் விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். பழைய ஸ்பீட் 600-க்கு 3.17 மில்லிமீட்டர் அச்சு; 35 ரக அவுட்ரன்னருக்குப் பெரும்பாலும் 5. பழைய ஸ்பின்னர் அப்படியே பொருந்தாது.

படி 5: ஈஎஸ்சியும் பேட்டரியும்

பழைய ஸ்பீட் கன்ட்ரோலர் உதவாது. அது இரண்டு வயர் பிரஷ் மோட்டாருக்கானது. பிரஷ்லெஸ்ஸுக்கு மூன்று வயர். 26 ஆம்பியர் ஓடும் இடத்துக்கு 40 ஆம்பியர் ஈஎஸ்சி, அதாவது பிரஷ்லெஸ்ஸுக்கான ஸ்பீட் கன்ட்ரோலர், போடுங்கள். செர்வோக்களுக்கு 5 வோல்ட் தரும் பெக் அதிலேயே இருக்கும். ஸ்விட்ச்சிங் வகை பெக் உள்ளதாகப் பாருங்கள். லீனியர் வகை 3எஸ்ஸில் நாலு செர்வோவை ஓட்டினால் சூடாகிக் கைவிரிக்கலாம். பெக் நின்றால் ரிசீவரும் நிற்கும், விமானம் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

3எஸ் 3000 லிப்போவில் 25சி, அதாவது கொள்ளளவைப் போல் 25 மடங்கு ஆம்பியர் தருவது, போதும். கணக்குப்படி 75 ஆம்பியர் தரக்கூடியது, நாம் கேட்பது 26. எண்பது சதவீதம் வரை பயன்படுத்தினால் ஐந்தரை நிமிட மோட்டார் ஓட்டம் கிடைக்கும்.

படி 6: மூக்கில் பொருத்துதல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. நல்ல செய்தி என்னவென்றால், ஸ்பீட் 600-க்குப் போட்ட எம்3 திருகுத் துளைகள் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். 35 ரக அவுட்ரன்னர்கள் பலவற்றின் முன்பக்கத் துளைகள் 19-க்கு 25. அந்த 25 அப்படியே உட்காரும். மற்ற இரண்டு துளைகளைப் போட்டுக்கொள்ளலாம். ஃபயர்வால், அதாவது மோட்டாரைத் திருகும் மூக்குத் தடுப்பின், பிளைவுட் பழைய எண்ணெயும் வெடிப்புமாக இருந்தால் தயங்காமல் அறுத்தெடுத்து, 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை 30 நிமிட எபாக்ஸியில் ஒட்டுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி சூட்டில் இளகும். இந்த இடத்தில் வேண்டாம்.

அச்சு எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று பாருங்கள். நம் மோட்டார் ஃபயர்வாலுக்குப் பின்னால், மூக்குக்கு உள்ளே நிற்கிறது. அப்படியென்றால் திருகு போடும் அசையாத பக்கத்தில்தான் அச்சு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பல மோட்டார்களில் சுழலும் மணிப் பக்கம் அச்சு நீட்டியிருக்கும். மணியில் உள்ள சின்ன கிரப் திருகுகளைத் தளர்த்தி, பின்பக்க வளையத்தைக் கழற்றி, அச்சை மறுபக்கம் தள்ளலாம். சுத்தியலால் அடிக்காதீர்கள்; பேரிங்கில் பள்ளம் விழும். வைஸில் ஒரு சாக்கெட்டைத் தாங்கலாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். கிரப் திருகு உட்காரும் இடத்தில் அச்சில் அரத்தால் ஒரு சமதளம் தேய்த்து, திருகைக் கழலாத பசை போட்டு முறுக்குங்கள். இந்தச் சமதளம் இல்லாவிட்டால் ஈஎஸ்சி பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் அச்சு கொஞ்சம் வழுக்கும்.

திருகு நீளமும் முக்கியம். மோட்டாரின் முகத் தகட்டுக்குள் 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் போனால் திருகு நுனி செப்புச் சுருளைத் தொடும். தொட்டால் மேல் பூச்சு உரிந்து ஷார்ட் ஆகும், மோட்டார் வீண். ஃபயர்வால் தடிமன், வாஷர் தடிமன், 3 மில்லிமீட்டர் மூன்றையும் கூட்டி அந்த நீளத்துக்குத் திருகை வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வயர். மூன்று வயர்களும் மோட்டாரின் அசையாத முன்பக்கத்தில் ஆரம்பித்து, சுழலும் மணியை ஒட்டியே பின்னால் போக வேண்டும். நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று சுற்றும் மணி வயரில் உரசினால் சில நொடியில் உறை கிழிந்துவிடும். மணியைச் சுற்றி 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். வயர்களை மூக்கின் ஒரு மூலையில் தட்டையாகப் படுக்க வைத்து, அவற்றுக்கும் மணிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை வளைத்து ஒட்டிவிடுங்கள். தயிர் டப்பா மூடியிலிருந்து வெட்டியதே போதும். மணியைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் சரசரவென்று சத்தம் வரக் கூடாது.

மோட்டார் அச்சு நேராகப் பார்க்கக் கூடாது. 2, 3 டிகிரி கீழேயும், 2 டிகிரி வலதுபுறமும் சாய வேண்டும். பழைய மாடலில் இது ஏற்கெனவே இருந்தாலும், புது மோட்டாரின் இழுவை அதிகம் என்பதால் இன்னும் கொஞ்சம் தேவைப்படலாம். வாஷர் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் பலர் குழம்புவார்கள். உங்கள் தலையையே மோட்டாராக நினையுங்கள்: குனிந்தால் தாடை பின்னே போகிறது, வலது பக்கம் திரும்பினால் வலது காது பின்னே போகிறது. ஃபயர்வாலுக்குப் பின்னால் நிற்கும் மோட்டாருக்கு அப்படியேதான்: கீழே சாய்க்கக் கீழ்த் திருகிலும், வலது சாய்க்க வலது திருகிலும், மோட்டாருக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே வாஷர். 25 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர் வாஷர் வைத்தால் 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும்.

காற்று உள்ளே வர மூக்கில் துளை வேண்டும், வெளியே போகப் பின்னால் அதைவிடப் பெரிய துளை வேண்டும். வெளியேறும் வழி இரண்டு மடங்காவது இருக்கட்டும். நம் ஊர் வெயிலில், மூடிய உடலுக்குள், ஈஎஸ்சிக்கும் பேட்டரிக்கும் இது கட்டாயம்.

படி 7: வயரிங்

பழைய டமியா கனெக்டரை வெட்டி எறியுங்கள். 26 ஆம்பியரில் அது உருகும். எக்ஸ்டி60 போடுங்கள். பற்றவைக்க 60 வாட் சால்டரிங் அயர்ன் வேண்டும். ரேடியோ வேலைக்கான 25 வாட் அயர்னால் தடித்த வயர் சூடேறாது, பற்று மேலோட்டமாக ஒட்டி நிற்கும்.

நீளம் போதாவிட்டால் மோட்டாருக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவே உள்ள மூன்று வயரை நீட்டுங்கள். பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவே உள்ளதை நீட்டாதீர்கள். ஈஎஸ்சி மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. பேட்டரி வயர் நீண்டால் ஒவ்வொரு வெட்டிலும் வோல்டேஜ் துள்ளி எழும். ஈஎஸ்சியின் கெப்பாசிட்டர்கள் அதை வாங்கி வாங்கிச் சூடாகிச் செத்துப்போகும்.

மோட்டார் தப்பான திசையில் சுற்றினால் மூன்றில் எந்த இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள். பேட்டரி வயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஈஎஸ்சி அந்த இடத்திலேயே புகைந்துவிடும்.

படி 8: ஈஎஸ்சி அமைப்பு

புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். த்ராட்டில் குச்சியை முழுதாக மேலே வைத்து பேட்டரியை இணைத்து, பீப் வந்ததும் கீழே இறக்கினால் பெரும்பாலான ஈஎஸ்சிகள் உங்கள் டிரான்ஸ்மிட்டரின் எல்லையைக் கற்றுக்கொள்ளும்.

பிரேக்கை ஆன் செய்ய மறக்காதீர்கள். வாங்கும்போது அது ஆஃப்பில்தான் இருக்கும். பிரேக் இல்லாவிட்டால் புரொப்பெல்லர் காற்றாலையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், மடங்காது. பேட்டரி வகை லிப்போ. கட் ஆஃப் செல்லுக்கு 3.2 அல்லது 3.3 வோல்ட். ஸ்டார்ட் மெதுவாக. டைமிங் நடுத்தரம், அவுட்ரன்னருக்கு அது ஒத்துவரும். கடைசியாக, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள்: மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிசீவரின் ஃபெயில்சேஃபை (சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பை) சரி செய்யும் வரை புரொப்பெல்லரை மாட்டாதீர்கள்.

படி 9: வாட் மீட்டர்

இந்த வேலைக்கு வாட் மீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். மாடலை ஒருவர் இறக்கைக்குப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும், எதுவும் இருக்கக் கூடாது. மடக்கு பிளேடு கழன்றால் பக்கவாட்டில்தான் பறக்கும். முதலில் 11 அங்குலம் போட்டுப் பாருங்கள், அப்புறம் 12. பத்து விநாடிக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

எதிர்பார்ப்பது 26 ஆம்பியர், 280 வாட் பக்கம். 35-ஐத் தாண்டினால் புரொப்பெல்லர் பெரிது. 15-க்குக் கீழே நின்றால் கேவி குறைவு, அல்லது பேட்டரி சரியில்லை. இரண்டையும் பிரித்தறிய, ஓடும்போது வோல்டேஜைப் பாருங்கள்: 3எஸ் பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் குற்றம் பேட்டரி மேல். நின்ற இடத்தில் ஓட்டும்போது காட்டும் ஆம்பியர், பறக்கும்போது கொஞ்சம் குறையும்.

ஓட்டியதும் மோட்டாரின் அசையாத பகுதியைத் தொடுங்கள். சில விநாடி விரலை வைத்திருக்க முடிந்தால் சரி. சாதாரண ரக நியோடைமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவை இழக்கத் தொடங்கும். அப்படி இழந்தது ஆறினாலும் திரும்பி வராது.

படி 10: மறுபடியும் சிஜி, பிறகு மைதானம்

பேட்டரியை வைத்து, பென்சில் கோட்டில் இரண்டு விரலால் தூக்கிப் பாருங்கள். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தால் முதல் பறப்புக்கு நல்லது. பேட்டரி இருக்கும் இடத்தைத் தடுப்புக் கட்டை வைத்துக் குறித்துவிடுங்கள். வெல்க்ரோ மட்டும் போதாது. செங்குத்தாக ஏறும்போது வழுக்கும் பேட்டரி சிஜியையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

இறக்கையையும் ஒரு கண் பாருங்கள். இந்த வயசான பால்சா இறக்கை விநாடிக்கு இரண்டு மீட்டர் ஏறும் விமானத்துக்காகக் கட்டியது. நடு இணைப்பில் கண்ணாடி இழை நாடா ஒரு சுற்று போட்டு எபாக்ஸி தடவுங்கள். அதைச் செய்தாலும், முழு பவரில் மூக்கைக் கீழே குத்திப் பாய்வதெல்லாம் கூடவே கூடாது.

இந்தியாவில் பறக்கவிடுபவர்கள் இடத்தை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி, அதாவது 120 மீட்டர்தான் உயர வரம்பு. முன்பு இந்த உயரத்தைத் தொட ஒரு நிமிடம் ஆனது. இனி 17, 18 விநாடியில் கை மீறிப் போய்விடும்.

காற்று அடங்கிய காலையில், புல் தரையில், மோட்டார் போடாமல் ஒருமுறை கையால் எறிந்து மிதக்கும் டிரிம்மை (குச்சியைத் தொடாதபோது விமானம் நேராக மிதக்கும் அமைப்பை) சரி செய்யுங்கள். அடுத்து அரை த்ராட்டிலில் எறியுங்கள். உயரம் போனதும் முழு பவர் கொடுத்து, கையை எடுத்துப் பாருங்கள். மூக்கு வானத்தை நோக்கி வளைந்து வளைந்து ஏறினால் கீழ்ச் சாய்வு போதவில்லை. அரை மில்லிமீட்டர் வாஷர் சேருங்கள். இடதுபுறம் இழுத்தால் வலச் சாய்வு. மிதக்கும் டிரிம்மைத் தொட்டு இதைச் சரி செய்யப் பார்க்காதீர்கள். மோட்டார் நின்றதும் அது கெட்டுப்போயிருக்கும். டிரான்ஸ்மிட்டரில் வசதி இருந்தால் த்ராட்டிலோடு சிறிது கீழ் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை) கலந்துகொள்ளலாம்.

நம் கணக்கில் இது விநாடிக்கு 7 மீட்டர் பக்கம் ஏறும். 15 விநாடி ஓட்டினால் நூறு மீட்டர். ஒரு பேட்டரியில் இருபது ஏற்றம் தாராளமாக வரும். மின் கிளைடர்களுக்கான எஃப்5ஜே போட்டி விதியில் மோட்டார் ஓட்டம் அதிகபட்சம் 30 விநாடி. அதிலும் ஏறிய ஒவ்வொரு மீட்டருக்கும் அரைப் புள்ளி கழிக்கிறார்கள், 200 மீட்டருக்கு மேல் மீட்டருக்கு 3 புள்ளி. தெர்மல் (மேலெழும் சூடான காற்று) பிடிக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர் 60 மீட்டரில் மோட்டாரை நிறுத்திப் பார்க்கலாம்.

சின்ன நுரை மாடல் என்றால்

மல்டிபிளெக்ஸ் ஈஸிஸ்டார் போன்ற ஸ்பீட் 400 ரக நுரை மாடல்களுக்கும் இதே வரிசைதான். துளைகள் 16 மில்லிமீட்டர் இடைவெளி, எம்2.5 திருகு. 28 ரக அவுட்ரன்னர் 50, 60 கிராமில் கிடைக்கும், அதன் துளைகள் 16-க்கு 19. ஈஸிஸ்டாரில் மோட்டார் இறக்கைக்கு மேலே, சிஜிக்குப் பக்கத்தில் இருப்பதால் மூக்கு எடைத் தலைவலி குறைவு. ஆனால் இழுவைக் கோடு உயரத்தில் இருப்பதால் த்ராட்டில் கூட்டினால் மூக்கு கீழே குத்தும். ஈஸிஸ்டாரின் நுரையில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது, சூப்பர் பசைதான் பிடிக்கும். வேறு வகை நுரைகளில் சிலவற்றைச் சூப்பர் பசை அரித்துவிடும், முதலில் ஒரு துண்டில் தடவிப் பாருங்கள்.

பறந்து வந்த பிறகு

முதல் சில பறப்புக்குப் பின் கிரப் திருகு, மோட்டார் திருகு, பிளேடு திருகு மூன்றையும் முறுக்கிப் பாருங்கள். பிளேடு தன் எடையிலேயே தொங்கி மடங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது எத்தனை மில்லி ஆம்பியர் மணி திரும்ப ஏறியது என்று குறித்து வையுங்கள். 3000-இல் 2400-ஐத் தாண்டினால் அடுத்த முறை சீக்கிரம் இறங்க வேண்டும். 1சி வேகத்தில், அதாவது 3 ஆம்பியரில், பேலன்ஸ் சார்ஜரில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். வீங்கிய லிப்போவை மறுபடி சார்ஜில் போட வேண்டாம்.